பெட்டியின் மேல் எழுதாதது

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் நாவல் பற்றிப் பேசுவார்கள். கல்வெட்டு பற்றிப் பேசுவார்கள். இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு, முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி விலை போகிற ஒரு டேப்லெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். புத்தகம் அடுக்கிய கூடத்தில் இந்தப் பொருளுக்கு என்ன வேலை என்று முன்வரிசையில் இருக்கும் ஐயா ஒருவர் முகத்திலேயே கேட்டுவிட்டார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். வேலை இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய நூல்களை நீங்கள் எதில் படிக்கிறீர்கள்? செல்போனில் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் நடுத்தர விலை என்பதைப் பார்ப்போம். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு டேப்லெட் கிடைக்கிறது. அதில் எல்லாவற்றிலும் கை வைத்திருப்பார்கள், புதிர் ஒன்றுமில்லை. ஒரு லட்சத்துக்கும் கிடைக்கிறது. அதில் எல்லாவற்றையும் போட்டிருப்பார்கள்; அதிலும் புதிர் இல்லை. நடுவில் இருப்பதுதான் புதிர். திரைக்கு எவ்வளவு செலவழிப்பது? சிப்புக்கு எவ்வளவு? விரல்ரேகை சென்சார் வைப்பதா வேண்டாமா? சிம் போட இடம் விடுவதா வேண்டாமா? ஒவ்வொரு பாகத்திலும் யாரோ ஒரு பொறியாளரும் யாரோ ஒரு கணக்காளரும் மல்லுக்கு நின்றிருப்பார்கள். சில இடத்தில் பொறியாளர் ஜெயித்திருப்பார். சில இடத்தில் கணக்காளர்.

பொறியாளர் ஜெயித்ததெல்லாம் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும். கணக்காளர் ஜெயித்தது பெட்டியின் மேல் இருக்காது. இன்றைக்கு என் தலைப்பு அந்த இரண்டாவது பட்டியல்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற டேப்லெட்டை வெளியிட்டார். நினைவிருக்கிறதா? அரசு அதை ஏறத்தாழ 50 டாலருக்கு வாங்கி மாணவர்களுக்கு 35 டாலருக்குக் கொடுப்பதாகத் திட்டம். உலகத்திலேயே விலை குறைந்த டேப்லெட் என்று எல்லா நாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. உள்ளே என்ன இருந்தது? 366 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் சிப். 256 எம்.பி. ரேம். 2100 மில்லியாம்ப் மணி பேட்டரி. தொட்டால் போதாது, அழுத்தினால்தான் கேட்கிற ரெசிஸ்டிவ் திரை. விலையை முதலில் எழுதிவிட்டார்கள், அந்த விலைக்குள் அடங்காததையெல்லாம் வெட்டினார்கள். வெட்டு திரையிலேயே விழுந்துவிட்டது. விரலை வைத்த உடனேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் ஆகாஷில் திரையையும் சிப்பையும் மாற்றினார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. திட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்டக் கூடாத இடத்தில் வெட்டினார்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் எங்கே வெட்டலாம்? எங்கே வெட்டக் கூடாது? பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஷாவ்மி பேட் 7. 2024 அக்டோபர் கடைசியில் சீனாவில் அறிமுகமாகி, 2025 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. இங்கே மூன்று வகை. 8 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. ஸ்டோரேஜ் உள்ளது 27,999 ரூபாய். 12 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. ஸ்டோரேஜ் உள்ளது 30,999. அதே 12, 256 இருந்து, வெளிச்சத்தைப் பிரதிபலிக்காத கண்ணாடி போட்டது 32,999. வந்த நாளின் விலையைச் சொல்கிறேன். தீபாவளித் தள்ளுபடியெல்லாம் உங்கள் சாமர்த்தியம். நான் அந்தக் கம்பெனிக்கு ஆள் இல்லை. இந்த விலையில் வெட்டும் ஒட்டும் பளிச்சென்று தெரிகிற பொருள் என்பதால் இதை எடுத்தேன்.

திரையில் தொடங்குவோம். திரையில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டேப்லெட் என்றால் முக்கால் பங்கு திரைதான்.

குறுக்களவு 11.2 அங்குலம். நீளத்தில் 3200 புள்ளி, அகலத்தில் 2136 புள்ளி. பெருக்கிப் பாருங்கள்: 68 லட்சம் புள்ளிகளுக்கு மேல். ஓர் அங்குலத்துக்கு 345 புள்ளி என்று கம்பெனி சொல்கிறது. பெரிய எண்; அதனால் பெட்டியின் மேல் இருக்கிறது. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. அது சின்ன எழுத்தில் இருக்கிறது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 3:2.

இது ஏன் பெரிய விஷயம்? பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளின் விகிதம் 16:10. அது சினிமாவுக்குச் செய்த விகிதம். படுக்க வைத்தால் படம் பார்க்க அழகாக இருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாக, நெட்டையாக நிற்கும். புத்தகம் அப்படி இருக்காது. நம் பதிப்பகங்கள் பல காலமாக அச்சிட்டு வருகிற கிரவுன் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஐந்து அங்குல அகலம், ஏழரை அங்குல உயரம். விகிதம் என்ன? சரியாக 3:2! டெம்மி அளவு ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை. அதுவும் 3:2-க்குப் பக்கத்து வீடுதான்.

இப்போது கணக்குப் பண்ணுங்கள். 11.2 அங்குலக் குறுக்களவும் 3:2 விகிதமும் உள்ள திரையின் அகலம் 6.2 அங்குலம், உயரம் 9.3 அங்குலம். டெம்மி பக்கம் முழுதாக உட்கார்ந்து, அசலைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். பெரிதாக்க வேண்டாம், தள்ள வேண்டாம். ஒரு பார்வையில் ஒரு பக்கம். அதே பக்கத்தை 6.7 அங்குல செல்போனில் திறந்தால்? போன் திரையின் அகலம் இரண்டே முக்கால் அங்குலம். ஐந்தரை அங்குலப் பக்கம் பாதியாகச் சுருங்கிவிடும். பத்துப் புள்ளியில் அச்சான எழுத்து ஐந்து புள்ளியாகிவிடும். மருந்துச் சீட்டில் பக்கவிளைவு அச்சடிப்பார்களே, அந்த அளவு. ஐம்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு அது எழுத்தா?

இன்னொரு கணக்கு. பழைய நூல்களை ஸ்கேன் செய்பவர்கள் பொதுவாக அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். திரையிலும் ஓர் அங்குலத்தில் 345 புள்ளி இருந்தால், ஸ்கேனில் பதிந்த ஒரு புள்ளிக்குத் திரையில் ஏறக்குறைய ஒரு புள்ளி கிடைக்கிறது. ஸ்கேனில் இருப்பது எதுவும் திரையில் தொலையாது. தமிழுக்கு இது முக்கியம் ஐயா! மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளி எவ்வளவு சின்னது? பழைய ஈய அச்சில் அது பாதி தேய்ந்தே இருக்கும். அந்தப் புள்ளி மறைந்தால் 'பால்' 'பால' ஆகிவிடும். உரையாசிரியர்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்தப் புள்ளியின் அருமை தெரியும். 11 அங்குலத்தில் 1920-க்கு 1200 புள்ளி மட்டும் உள்ள மலிவான திரைகளில் அங்குலத்துக்கு 206-தான் வரும். கதை படிக்க அது போதும். பழம்பதிப்பு படிக்க அது போதாது.

அப்படியென்றால் திரையில் கணக்காளர் எங்கே ஜெயித்தார்? ஜெயித்திருக்கிறார். இது எல்.சி.டி. திரை, ஓலெட் இல்லை. எல்.சி.டி.யில் பின்னால் விளக்கு எப்போதும் எரியும். கறுப்பு என்பது வெளிச்சத்தை மறைத்துக் காட்டுகிற கறுப்பு. அறை விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து படிப்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் கிடையாது. வெட்ட வேண்டிய இடத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள். இதை நான் பாராட்டுவேன்.

144 ஹெர்ட்ஸ் என்று இன்னோர் எண். திரை ஒரு நொடிக்கு 144 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்று பொருள். ஏழு மில்லிநொடிக்கு ஒரு முறை. சாதாரணத் திரை 60. அதற்குப் பதினாறு, பதினேழு மில்லிநொடி. விரலால் தள்ளும்போது எழுத்து வழுக்கிக்கொண்டு போவது தெரியும். பேனாவால் எழுதினால் மை விரைவாகக் கூடவே வரும். தள்ளாமல் எழுதாமல் சும்மா ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தால் 144-க்கும் 60-க்கும் வித்தியாசமே கிடையாது. பெட்டியின் மேல் எவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறார்கள் என்பதற்கும் உங்களுக்கு எவ்வளவு பயன் என்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

வெளிச்சத்தைப் பிரதிபலிக்காத கண்ணாடி இருக்கிறதே, அதை நான் விலைமதிப்புள்ளதாக நினைக்கிறேன். கண்ணாடியின் மேற்பரப்பை நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கி, விழுகிற வெளிச்சத்தைச் சிதறடிக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பவர், மேலே டியூப்லைட் எரிகிற கூடத்தில் படிப்பவர், இவர்கள் திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இரண்டாயிரம் ரூபாய் வீண்செலவில்லை. ஆனால் பாருங்கள், 8 ஜி.பி. வாங்குகிறவருக்கு அந்தக் கண்ணாடி கிடையாது. கண் எல்லோருக்கும் ஒன்றுதானே? வியாபாரத்துக்கு ஒன்றில்லை.

சரி, திரைக்குப் பின்னால் போவோம்.

உள்ளே இருக்கும் சிப் ஸ்நாப்டிராகன் 7 பிளஸ் மூன்றாம் தலைமுறை. குவால்காம் கம்பெனி 2024 மார்ச்சில் செல்போனுக்காக வெளியிட்டது. 4 நானோமீட்டர் முறையில் செய்தது. உள்ளே எட்டு கோர்: 2.8 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது ஒன்று, 2.6-இல் ஓடுவது நான்கு, 1.9-இல் ஓடுவது மூன்று. எட்டும் ஒரே மாதிரி ஏன் இல்லை? கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையற்காரர் ஒருவர், அடுப்படியில் கை தேர்ந்தவர் நாலு பேர், காய் நறுக்க மூன்று பேர். காபி போட வேண்டுமென்றால் தலைமைச் சமையற்காரரை எழுப்ப மாட்டோம். பாட்டு கேட்பது, பக்கம் புரட்டுவது, மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அந்த மூன்று பேர் வேலை. மின்சாரம் குறைவாகச் செலவாகும். விளையாட்டைத் திறந்தால், வீடியோவை வெட்டி ஒட்டினால், அப்போது பெரியவர் எழுந்து வருவார்.

இந்த விலைக்கு இந்தச் சிப் தாராளம். இதில் பொறியாளர் கை ஓங்கியிருக்கிறது. ஆப்பிள் வேறு வழியில் போகிறது. 2025 மார்ச்சில் வந்த ஐபேடில், 34,900 ரூபாய் விலையில், ஏ16 என்ற சிப்பை வைத்தார்கள். அது 2022-இல் விலையுயர்ந்த ஐபோனில் வந்த சிப். ஐபோனில் அதற்கு ஆறு கோர், ஐபேடில் ஐந்து. ஒன்றைக் காணோம்! அதனால் வேகத்துக்குப் பெரிய குறை வந்துவிடவில்லை. வருஷங்கள் ஆனாலும் அது வேகமான சிப்தான். ஆனால் சிப்பின் பெயர் மட்டும் பெட்டியில் இருக்கும், காணாமல்போன கோர் பெட்டியில் இருக்காது. நான் சொன்ன இரண்டாவது பட்டியல் எப்படி வளர்கிறது பார்த்தீர்களா?

ரேம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் '8 பிளஸ் 8, மொத்தம் 16 ஜி.பி. சார்' என்று கூட்டிக் காட்டுவார்கள். இரண்டாவது 8 ரேமே இல்லை. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி, தற்காலிகமாக அங்கே கொண்டுபோய் வைப்பது. ரேமைவிட அது பல மடங்கு மெதுவானது. அந்தக் கூட்டல் கணக்கைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, முதல் 8-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டோரேஜ். அன்பர்களே, டேப்லெட் வாங்குகிறவர்கள் ஏமாறுகிற முதல் இடம் இதுதான். 128 ஜி.பி.யா 256 ஜி.பி.யா என்று கேட்கிறோம். எவ்வளவு என்று கேட்கிறோம். எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை.

கூகுள் 2012-இல் நெக்சஸ் 7 என்ற டேப்லெட்டைக் கொண்டுவந்தது. செய்தவர்கள் அஸூஸ் கம்பெனி. ஏழு அங்குலம், நாலு கோர், ஆரம்ப விலை 199 டாலர். மலிவு விலையில் நல்ல டேப்லெட் முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய பொருள் அது. வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். சில மாதம் போயிற்று. ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப அது தவழ ஆரம்பித்தது. ஐகானைத் தொட்டால் காத்திருக்க வேண்டும். எழுத்தைத் தட்டினால் தாமதமாக விழும். சிப் அதே சிப். திரை அதே திரை. ரேம் அதே ரேம். பின் என்ன ஆயிற்று?

ஃபிளாஷ் மெமரியில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் ஒரு தொகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அது ஆண்ட்ராய்டுக்குத் தெரியும். கீழே இருக்கும் மெமரிக்குத் தெரியாது. 'இந்த இடம் காலி' என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அந்தத் தகவலுக்கு டிரிம் என்று பெயர். சொல்லாவிட்டால் அது செத்த கோப்பையெல்லாம் உயிருள்ளதாக நினைத்துத் தூக்கித் தூக்கி இடம் மாற்றிக்கொண்டிருக்கும். 2013 ஜூலையில் வந்த ஆண்ட்ராய்டு 4.3-இல்தான் அந்த ஏற்பாடு வந்தது. அதற்குள் எத்தனையோ நெக்சஸ்கள் அலமாரிக்குள் போய்விட்டன. பெட்டியின் மேல் 16 ஜி.பி. என்று எழுதியிருந்தது உண்மைதான். எப்படிப்பட்ட 16 ஜி.பி. என்று எழுதவில்லை.

இன்றும் அதே கதை வேறு பெயரில் நடக்கிறது. மலிவான டேப்லெட்டுகளில் இ.எம்.எம்.சி. என்ற பழைய வகை. அதன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்.பி. நடுத்தர விலையிலிருந்து மேலே யு.எஃப்.எஸ். என்ற வகை, அதன் மூன்றாம் தலைமுறையில் வேகம் அதைப்போல் பல மடங்கு. நம் பேட் 7-இல் என்ன? இங்கேதான் வேடிக்கை. 128 ஜி.பி. வாங்கினால் யு.எஃப்.எஸ். 3.1. 256 ஜி.பி. வாங்கினால் யு.எஃப்.எஸ். 4.0. பெயர் ஒன்று, உடம்பு ஒன்று, சிப் ஒன்று. வயிறு மட்டும் வேறு! மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவருக்கு இடம் மட்டும் கூடவில்லை, நாலு ஜி.பி. ரேமும் வேகமும் சேர்ந்து கூடுகிறது. மெமரி கார்டு போட இதில் இடம் கிடையாது, பிறகு யோசித்துப் பயனில்லை. என்னைக் கேட்டால் நடு வகையை வாங்குங்கள் என்பேன். 128-ஐ வாங்கி ஒரு வருஷம் கழித்துப் படங்களை அழித்துக்கொண்டு உட்காருவதைவிட அது மேல்.

பேட்டரிக்கு வருவோம். 8850 மில்லியாம்ப் மணி என்று எழுதியிருக்கிறார்கள். இந்த அலகில் ஒரு சூது இருக்கிறது. வோல்ட்டைப் பெருக்கினால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். லித்தியம் பேட்டரியின் வோல்ட் நாலுக்குச் சற்றுக் கீழே. பெருக்கினால் ஏறத்தாழ 34 வாட்மணி. ஆப்பிள் நேராகவே வாட்மணியில் சொல்கிறது: ஐபேடுக்கு 29 வாட்மணியை ஒட்டி. இப்படி ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். நீங்கள் பயன்படுத்தும்போது சராசரி மூன்றரை வாட் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 34 வாட்மணி பத்து மணி நேரத்துக்கு வரும். திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, விளையாட்டும் விளையாடினால் ஏழு வாட்டைத் தொடும், நேரம் பாதியாகிவிடும். டேப்லெட்டில் மின்சாரம் தின்கிற முதல் ஆள் திரை விளக்கு. ஆகவே பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதற்குப் பாதிப் பதில் உங்கள் விரலில் இருக்கிறது.

சார்ஜ் செய்யும் துளைக்கு வருகிறேன். யு.எஸ்.பி. சி. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுத் துளை என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் துளை ஒன்றானதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஐபேடின் யு.எஸ்.பி. சி துளைக்குள் ஓடுவது பழைய யு.எஸ்.பி. 2, நொடிக்கு 480 மெகாபிட். பேட் 7-இல் நொடிக்கு 5 கிகாபிட். உங்களிடம் 20 ஜி.பி. அளவுக்கு ஸ்கேன் நூல்கள் இருக்கின்றன, கணினியிலிருந்து ஏற்ற வேண்டும். காகிதக் கணக்குப்படி ஒன்றில் ஐந்தரை நிமிஷம், மற்றொன்றில் அரை நிமிஷம். நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் கூடுதலாக எடுக்கும். விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். வெளியே பார்த்தால் இரண்டு துளைக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

கேமராவா? பின்னால் 13 மெகாபிக்சல், முன்னால் 8. காகிதத்தைப் படம் பிடிக்கலாம், வீடியோ காலில் பேசலாம். டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துக் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பின்னால் நிற்பவர்கள் சொல்வார்கள்.

இப்போது இரண்டாவது பட்டியலின் நடு மையத்துக்கு வந்துவிட்டோம். பேட் 7-இல் சிம் போட இடம் இருக்கிறதா? இல்லை. விரல்ரேகை சென்சார்? இல்லை. மெமரி கார்டு? இல்லை. ஹெட்போன் மாட்டும் வட்டத் துளை? இல்லை. தண்ணீர் பட்டால் தாங்கும் என்ற சான்று? இல்லை. பெட்டியில் பேனா? இல்லை, தனியாகச் சில ஆயிரம் கொடுத்து வாங்க வேண்டும், அதற்கும் சார்ஜ் போட வேண்டும். ஆறு கேள்வி, ஆறு இல்லை. அந்த ஆறு இல்லைகளைச் சேர்த்துத்தான் 68 லட்சம் புள்ளித் திரை 27,999 ரூபாய்க்கு உங்கள் கைக்கு வந்தது.

இதே கேள்விகளைச் சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ்10 எஃப்.இ.யிடம் கேளுங்கள். அது 2025 ஏப்ரலில் வந்தது. ஆரம்ப விலை 42,999. மெமரி கார்டு உண்டு. விரல்ரேகை உண்டு. தூசிக்கும் தண்ணீருக்கும் ஐ.பி.68 சான்று உண்டு. பேனா பெட்டியிலேயே உண்டு. அந்தப் பேனாவைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்லியாக வேண்டும். எழுதுவதற்கு அதற்குள் பேட்டரி தேவையில்லை. திரைக்குக் கீழே ஒரு பலகை மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு அழுத்துகிறேன் என்று பதில் அனுப்புகிறது. வேக்கம் என்ற ஜப்பானியக் கம்பெனி ஓவியர்களுக்காக வளர்த்த முறை. மறந்துபோய் ஒரு மாதம் மேஜையில் கிடந்தாலும், எடுத்தால் எழுதும். சரி, இவ்வளவும் கொடுத்தார்களே, எங்கே எடுத்தார்கள்? திரையில். நீளத்தில் 2304, அகலத்தில் 1440 புள்ளி. பேட் 7-இன் புள்ளிகளில் பாதிக்கும் குறைவு. விகிதம் மறுபடியும் சினிமா விகிதம்.

யார் கெட்டிக்காரர்? இருவருமே. வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. வகுப்பில் குறிப்பெடுக்கிற மாணவிக்கு, களத்தில் சுற்றுகிற ஆய்வாளருக்கு நான் சாம்சங்கைக் காட்டுவேன். பேனாவும் தண்ணீர்ச் சான்றும் அவர்களுக்குத் தினமும் வேலைக்கு வரும். வீட்டில் வைஃபை இருந்து, நாற்காலியில் உட்கார்ந்து பழம்பதிப்பு படிக்கிறவருக்கு 3:2 திரையைக் காட்டுவேன். பேரப்பிள்ளைகளோடு பேசவும் பழைய பாட்டு கேட்கவும் மட்டும் வேண்டுமென்பவருக்கு இருபதாயிரத்துக்குக் கீழேயே கிடைக்கும், ஆனால் ஸ்டோரேஜ் யு.எஃப்.எஸ்.தானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

யார் எதை வாங்கினாலும், எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே என்ற விஞ்ஞானி இருந்தார். 1972-இல், தனிநபர் கணினியே இல்லாத காலத்தில், குழந்தைகள் கையில் நோட்டுப்புத்தகம் போலத் தூக்கிச் செல்லும் 'டைனாபுக்' என்ற கருவியைக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். நாலு பவுண்டுக்குள் எடை, 500 டாலரை ஒட்டி விலை என்று குறித்தார். நாலு பவுண்டு என்றால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல். பேட் 7-இன் எடை 500 கிராம். விலையிலும் அவர் எல்லைக்குள் வந்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டது வேறொன்றும் இருந்தது: குழந்தை அதில் படிக்க மட்டும் கூடாது, நிரல் எழுதித் தானே புதிதாகச் செய்யவும் வேண்டும். எடையிலும் விலையிலும் ஜெயித்தவர்கள் இதில் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்கள். கேலக்ஸியானாலும் ஐபேடானாலும் பேட் 7 ஆனாலும், ஒரு முழு நிரலை எழுதி முடிக்க இன்றும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பைத்தான் திறக்கிறார்கள். இந்தக் குறைக்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை, லட்ச ரூபாய்ப் பெட்டியிலும்கூட.

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று. இந்த மெல்லிய உடம்புகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நாமே திறந்து பேட்டரி மாற்றுகிற காலம் போய்விட்டது. ஆகையால் வாங்குமுன் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இந்த மாடலுக்குத் திரை மாற்ற எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். திரை மாற்றும் செலவு டேப்லெட் விலையில் பாதியைத் தாண்டினால், முதல் நாளே ஒரு நல்ல உறை வாங்கிப் போட்டுவிடுங்கள்.

நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்வரிசைத் தம்பி ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறார். கேமிங் பற்றிக் கேட்பார் என்று நினைக்கிறேன். கேளுங்கள் தம்பி.